கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில் வீடு: அமைதி கிடைக்குமா, தினமும் போய்வர முடியுமா?

கார்த்திகைமழை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் மூன்று மாதமாக இதே பேச்சுதான் ஓடுகிறது, ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மனைவிக்கு விளாங்குறிச்சி ரோட்டில் ஐ.டி. வேலை, வாரத்தில் நாலு நாள் ஆபீஸ் போயே ஆக வேண்டும். கோவை கணபதியில் ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். நான் காலையில் கோவை வடக்கில் வண்டி ஏறித் திருப்பூர் போய் இரவு அதே மாதிரி திரும்புகிறேன், சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். அவள் ஸ்கூட்டரில் இருபது நிமிடத்தில் ஆபீஸ் போய்விடுவாள். இப்படிச் சொன்னால் ஒரு குறையும் இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனால் வீடு மெயின் ரோட்டிலிருந்து முதல் சந்து. இரவு பன்னிரண்டு வரை பஸ் ஹாரன், அதற்கப்புறம் லாரி. பிள்ளைக்கு ஆறு வயது, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். வெளியே ஓடி விளையாட ஒரு அடி மண் கிடையாது. அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். பல்லடம் பக்கம் தோட்டத்தில் வாழ்ந்தவர், இங்கே மொட்டை மாடியில் நாலு தொட்டியில் கத்தரியும் மிளகாயும் வைத்துவிட்டு சாயங்காலம் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் கருமத்தம்பட்டிக்கும் சோமனூருக்கும் இடையில் ஒரு லே-அவுட்டில் நாலு செண்ட் சைட் பார்த்தோம். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இருக்கிறது என்றார்கள். காலை பதினொரு மணிக்குப் போனோம். இரண்டு பக்கமும் தென்னை, எங்கேயோ மயில் அகவுகிறது, வேறு சத்தமே இல்லை. பிள்ளை அந்த வெறும் சைட்டில் அரை மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்தாள். அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் நின்றார். எனக்கு அங்கேயே மனது முடிந்துவிட்டது.

வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவில், ஆளுக்குப் பாதி தூரம். மனைவி மட்டும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்கிறாள், அவ்வளவுதான்.

அங்கே நிஜமாகவே அமைதியாக இருக்குமா? இரண்டு பேரும் தினமும் போய்வர முடியுமா, தண்ணீர் எப்படி, பத்திரத்தில் என்ன பார்க்க வேண்டும்? கடன் வாங்கித்தான் வாங்கப் போகிறோம், அதனால் தப்பாகிவிட்டால் திருத்த எங்களிடம் இரண்டாவது பணம் இல்லை.

தறிச்சத்தம் எழுதியது:

சோமனூர்தான் எனக்குப் பிறந்த ஊர், அப்பா தறிக்காரர், இப்போதும் வீட்டை ஒட்டி எட்டுத் தறி ஓடுகிறது. அதனால் ஊரைக் குறைத்துப் பேச எனக்கு மனது வராது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. நீங்கள் சைட் பார்க்கப் போன அன்றைக்கு அங்கே கரண்ட் இருந்ததா?

எங்கள் பக்கம் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்றைக்கு மட்டும்தான் மயில் அகவுவது அவ்வளவு தெளிவாகக் கேட்கும். மற்ற நாளில் ஊரும் ஊரைச் சுற்றி இருக்கிற கிராமமும் தறிச் சத்தத்தில்தான் இருக்கும். விசைத்தறி என்பது பகலில் ஓடி இரவில் நிற்கிற சமாச்சாரம் இல்லை. பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட் இரண்டும் உண்டு. "தடக் தடக்" என்று ஒரே சீராக வரும். பக்கத்து வீட்டில் தறி இருந்தால் சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரியும், டம்ளரில் வைத்த தண்ணீர் மேலே சின்னச் சின்ன வட்டமாக நடுங்கும். இருநூறு மீட்டர் தள்ளி இருந்தால் காதுக்குப் பழகிவிடும். கதவை ஒட்டி இருந்தால் வெளியூர்க்காரர்களுக்குக் கஷ்டம்தான்.

லே-அவுட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கட்டடம், சுவரில் வரிசையாகச் சின்ன ஜன்னல், வாசலில் பாவு (நெசவின் நீளவாட்டு நூல்) சுற்றுகிற உருளை கிடக்கிறதா என்று பாருங்கள். அதுதான் தறிக்கூடம். கழிவுப் பஞ்சில் நூல் நூற்கிற ஓ.இ. மில் பக்கத்தில் இருந்தால் பஞ்சுத் தூசியும் வரும், காயப்போட்ட துணியில் காலையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். பிள்ளைக்கு வீசிங் மாதிரி ஏதாவது இருந்தால் அதை முதலில் யோசியுங்கள். பகலில் ஒரு தடவை, இரவு பதினொன்றுக்கு ஒரு தடவை, கரண்ட் இருக்கிற நாளாகப் பார்த்துப் போய் வாருங்கள். சைட் காட்டுகிறவர் இல்லாமல் நீங்கள் மட்டும் போங்கள்.

இதைக் குறையாக எழுதவில்லை. ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கிற பாவையும் ஊடை நூலையும் வாங்கி நெய்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற குடும்பங்கள் நாங்கள். 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினோம், ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்தியிருந்தோம். அந்த ஒரு மாதம் சோமனூர் அவ்வளவு அமைதியாக இருந்தது. இரவில் நாய் குரைப்பது அடுத்த தெரு வரைக்கும் கேட்டது, அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அமைதியை நாங்கள் யாரும் விரும்பவில்லை. எங்கள் ஊருக்குக் குடிவருகிறவர்கள் வந்த பிறகு "சத்தம் தாங்க முடியவில்லை" என்று மனு கொடுக்காமல், வருவதற்கு முன்னாலேயே கேட்டுப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

சோமனூர்_சீசன்டிக்கெட் எழுதியது:

அண்ணா, உங்கள் வீட்டம்மா ஏன் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒன்பது வருடமாகச் சோமனூர் பக்கத்திலிருந்து பீளமேட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அவர் இடத்தில் நின்று கொஞ்சம் சொல்கிறேன்.

காலையில் போவது பிரச்சினையே இல்லை. எல்லாரும் ஒரே திசையில் போகிறோம், பஸ் இருக்கும், வெளிச்சம் இருக்கும். சாயங்காலம்தான் எல்லாம். பீளமேட்டில் ஹோப்ஸ் பஸ் ஸ்டாப்பில் ஆறரைக்கு நின்றால் காந்திபுரத்திலிருந்து வருகிற திருப்பூர் பஸ் எல்லாம் நிறைந்துதான் வரும். படியில் கால் வைக்கும்போதே கண்டக்டர் "எங்கீங்க?" என்பார். "கருமத்தம்பட்டி" என்றால், "திருப்பூர் டிக்கெட் எல்லாம் மொதல்ல ஏறட்டுங்க" என்பார். ஈரோடு, சேலம் வண்டி பாதி நிற்காது. மூன்று பஸ் விட்டு நாலாவதில் ஏறிய நாட்கள் எனக்கு நிறைய. சோமனூருக்கே நேராகப் போகிற பஸ்ஸும் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று நின்றுகொண்டே இருக்க வேண்டும். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது, அது எங்களுக்கெல்லாம் பெரிய விஷயம், ஆனால் இந்த வழியில் தனியார் பஸ்ஸும் மப்சல் பஸ்ஸும்தான் அதிகம் கிடைக்கும், அதில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். மாதக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கருமத்தம்பட்டி நால்ரோட்டில் இறங்கிவிட்டோம். அதற்கப்புறம் லே-அவுட்டுக்கு எவ்வளவு தூரம்? எனக்கு இரண்டரை கிலோமீட்டர். காலையில் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் போவேன், இரவு எடுத்துக்கொண்டு வருவேன். முதல் அரை கிலோமீட்டர் கடைகள். அப்புறம் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, தெருவிளக்கு இரண்டு கம்பத்துக்கு ஒன்று எரியும். ஒரு வளைவில் நாலு நாய், அவை தினமும் பார்க்கிற நாய்தான், இருந்தாலும் தினமும் துரத்தும். மழை நாளில் பள்ளம் தெரியாது. முதல் இரண்டு வருடம் அந்த வழி முழுக்க வீட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டே வருவேன், பேச ஒன்றும் இருக்காது, லைனில் இருந்தால் போதும் என்று. இவ்வளவு தூரம் போய்வருவதில் எனக்குப் பயமும் களைப்பும் முழுக்க அந்த இரண்டரை கிலோமீட்டரில்தான். நீங்கள் பகல் பதினொரு மணிக்குக் காரில் போனபோது அது உங்களுக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உங்களுக்கே ஒரு இழப்பு இருக்கிறது. இப்போது நீங்கள் கோவை வடக்கில் ஏறுவதால் உங்களுக்கு எக்ஸ்பிரஸ் கிடைக்கிறது. சோமனூரில் நிற்பது பாசஞ்சரும் மெமுவும்தான், திருப்பூரில் கிளம்புகிற எக்ஸ்பிரஸ் எங்களைத் தாண்டித்தான் போகும். ஷிப்மெண்ட் நேரத்தில் இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் திருப்பூர் ஸ்டேஷனுக்கு வந்தால் சோமனூருக்கு வண்டி இருக்கிறதா என்று அட்டவணையைப் பாருங்கள். தூரம் பாதியாகும், நேரம் பாதியாகாது.

பாசஞ்சர் நேரம் ஒத்துவந்தால் மட்டும் அதைப் போலச் சுகம் கிடையாது. இருகூர், சிங்காநல்லூர், பீளமேடு என்று நின்று நின்று போகும், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு இருகூரில் கொஞ்ச நேரம் கிடக்கும். எங்கள் பெட்டியில் வஞ்சிபாளையத்து அக்கா ஒருவர் சாயங்காலம் மடியில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை ஆய்வார், இறங்குவதற்குள் இரண்டு கட்டு முடிந்துவிடும், நாங்களும் கை கொடுப்போம். ஒரு வருடம் எனக்கு உடம்பு சரியில்லாதபோது அந்தப் பெட்டிக்காரர்கள்தான் வீடு தேடி வந்தார்கள். ஆபீஸ் நேரம் அந்த வண்டிக்குப் பொருந்துமா என்று உங்கள் வீட்டம்மாவிடம் கேளுங்கள். பொருந்தினால் சோமனூர் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு பாருங்கள், கருமத்தம்பட்டி ரோட்டில் உள்ளே தள்ளி வேண்டாம். பொருந்தாவிட்டால் தயவுசெய்து சைட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கார்த்திகைமழை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. தறிச்சத்தம், உங்கள் பதிலைப் படித்துவிட்டுப் பழைய அறிவிப்பைத் தேடிப் பார்த்தேன். நாங்கள் போன அன்றைக்குக் கருமத்தம்பட்டி துணை மின் நிலையத்தில் மின் நிறுத்தம்தான். இது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

சகோதரி, நீங்கள் எழுதியதை மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். நாய் வரைக்கும் கேட்டுவிட்டு, "இதைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அத்தைக்கும் பாப்பாவுக்கும் ஆசையாக இருக்கும்போது நான் பஸ்ஸைச் சொல்லித் தடுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்" என்றாள். மூன்று மாதமாக நான் தூரத்தையும் செண்ட் விலையையும்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அவளை உட்காரவைத்து ஒரு தடவை கேட்கவில்லை. அது என் தவறுதான்.

அவிநாசி பக்கம் போனால் எப்படி என்று நேற்று ஒரு யோசனை வந்தது. எனக்குத் திருப்பூர் பக்கம். யாராவது சொல்ல முடியுமா?

தேர்வீதி எழுதியது:

தம்பி, நான் அவிநாசியில் நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் நல்ல ஊர். "காசியில் வாசி அவிநாசி" என்று சொல்வார்கள், சித்திரைத் தேர் வந்து பாருங்கள், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து திருப்பூர் பதினான்கு கிலோமீட்டர் போல, உங்களுக்குச் சுகம். ஆனால் கோவை நாற்பது கிலோமீட்டர், உங்கள் வீட்டம்மாவுக்கு அது தினமும் எண்பது. இரவு நேரத்தில் கோவையிலிருந்து வருகிற வண்டிகள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடுவது இங்கே பல வருடத்துப் புகார். அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது, அதனால் நகரத்துக்குள் போகிறவர்களுக்கு நேரம் மிச்சம். விளாங்குறிச்சி ரோட்டில் வேலை பார்க்கிறவருக்கு அதில் பெரிய லாபம் இல்லை, பாலம் இறங்குகிற இடத்துக்கும் நீலாம்பூருக்கும் நடுவில் மாட்டுகிற நெரிசல் அவருக்கு அப்படியேதான் இருக்கும். அதனால் அவிநாசி உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன், சொந்த ஊரென்றாலும்.

கார் வைத்துக்கொண்டு போய்வருகிற எண்ணம் இருந்தால் வழியில் கணியூர் சுங்கச்சாவடி இருக்கிறது. இருபது கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு உள்ளூர் மாதப் பாஸ் உண்டு. 2025 ஆகஸ்டிலிருந்து 200 தடவை கடக்கிற ஃபாஸ்டேக் வருடப் பாஸும் வந்திருக்கிறது, வந்தபோது 3,000 ரூபாய், ஆனால் தினம் இரண்டு தடவை கடந்தால் அது நூறு நாளில் தீர்ந்துவிடும். இரண்டு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை.

இனி பத்திரம். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். டி.டி.சி.பி. அனுமதி என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், அனுமதி எண்ணும் வரைபட நகலும் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் உள்ள சைட் எண்ணும் உங்களுக்குக் காட்டிய இடமும் ஒன்றுதானா என்று நேரில் சரிபாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணை அவர்கள் இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். தாய்ப் பத்திரம், முப்பது வருடத்துக்காவது வில்லங்கச் சான்று, பட்டா யார் பெயரில் என்பதெல்லாம் வழக்கமானதுதான், வக்கீல் பார்த்துவிடுவார். பலர் பார்க்காமல் விடுவது ஒன்று: லே-அவுட்டின் ரோட்டையும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்பது. கொடுக்கவில்லை என்றால் நாளைக்குத் தெருவிளக்கு, தார் ரோடு, குடிநீர்க் குழாய் எது கேட்டாலும் "அது இன்னும் எங்கள் ரோடு இல்லை" என்றுதான் பதில் வரும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த ஒரு வழி கொடுத்தார்கள். அதற்கப்புறம் பிரித்த அனுமதியில்லாத மனை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

தண்ணீர். எங்கள் பக்கம் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்டது, பவானித் தண்ணீரைக் குழாய் வழியாக 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். அறுபது வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் குட்டையில் முதல் நாள் தண்ணீர் விழுந்தபோது தேருக்குப் போகிற மாதிரிக் குடும்பம் குடும்பமாகப் போய் நின்றோம், வயதானவர்கள் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். ஆனால் அது நிலத்தடி நீருக்கான திட்டம், உங்கள் வீட்டுக் குழாயில் வராது, அதைச் சொல்லி யாராவது சைட் விற்றால் ஏமாறாதீர்கள். வீட்டுக்கு நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று சைட் விற்பவரை விட்டுவிட்டு அந்தத் தெருவில் குடம் வைத்திருக்கிற பெண்களிடம் கேளுங்கள். போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) பாருங்கள், அளப்பது ஒரு சின்ன மீட்டர்தான். 500 வரை குடிக்க ஏற்றது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நொய்யலை ஒட்டி மங்கலம் பக்கம் போகப் போக இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சாயக் கழிவுக்காக உயர் நீதிமன்றம் 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை உங்களுக்கே தெரியும், நீங்கள் பனியன் கம்பெனிக்காரர்.

திரும்பிவந்தோம் எழுதியது:

நாங்கள் தெக்கலூர் பக்கம் ஒரு லே-அவுட்டில் வீடு கட்டி மூன்று வருடம் இருந்துவிட்டு இப்போது மறுபடியும் கோவையில் வாடகைக்கு வந்துவிட்டோம். யாரையும் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபது சைட் போட்ட லே-அவுட். விற்றவர் ஒரு வருடத்தில் நாற்பது வீடு வந்துவிடும் என்றார். மூன்று வருடத்தில் வந்தது ஐந்து வீடு. மற்றதெல்லாம் முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவை, சொந்தக்காரர்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும். காலி சைட்டில் சீமைக்கருவேலம் முளைத்துவிட்டது, பாம்பு வந்தது, பூங்கா என்று காட்டிய இடத்தில் யாரோ ஆடு கட்டினார்கள். தெருவிளக்குக்கு மேலே ஐயா சொன்ன அதே பதில்தான் எங்களுக்கும் கிடைத்தது.

அதையெல்லாம் சமாளித்திருப்போம். எங்களைத் திரும்ப வைத்தது என் மாமியார். மண்ணுக்கு ஆசைப்பட்டு அவர் சொல்லித்தான் அங்கே போனோம். போன புதிதில் அவரைக்காய், பூசணி, கீரை என்று போட்டுச் சந்தோஷமாக இருந்தார், மயில் வந்து நாற்றைக் கொத்துவதை விரட்டுவதே ஒரு வேலை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஏழரைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்கு வருவோம், பிள்ளை ஸ்கூல் வேனில் ஐந்து மணிக்கு வரும். நடுவில் பத்து மணி நேரம் பேச ஆள் கிடையாது. நகரத்தில் இருந்தபோது பால்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டு அம்மா என்று நாலு பேர் வாசலில் நிற்பார்கள். ஒரு நாள் நான் உள்ளே வரும்போது அவர் டி.வி.யில் செய்தி வாசிப்பவரோடு பேசிக்கொண்டிருந்தார். சர்க்கரை இறங்கி ஒரு மதியம் மயங்கிக் கிடந்தவரைப் பிள்ளை வந்துதான் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு மாதத்தில் கிளம்பிவிட்டோம்.

உங்கள் அம்மாவுக்கு மண் மட்டும் போதாது, மனுஷரும் வேண்டும். லே-அவுட்டாக இல்லாமல் ஏற்கனவே ஆள் குடியிருக்கிற ஊருக்குள் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டிய பழைய வீடு கிடைத்தால் அதைப் பாருங்கள். வாசலில் திண்ணை, பக்கத்தில் மாரியம்மன் கோவில், மளிகைக் கடை, இது மூன்றும் இருக்கிற தெருவாகப் பாருங்கள்.

சூலூர்க்காரன் எழுதியது:

எல்லாரும் நல்லதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு யோசனை: நடுவில் என்பதை விட்டுவிடுங்கள். நீலாம்பூர், முத்துக்கவுண்டன்புதூர், சூலூர் பக்கம் பாருங்கள். அங்கிருந்து உங்கள் மனைவி இப்போது போகிற மாதிரியே ஸ்கூட்டரில் போகலாம், பன்னிரண்டு கிலோமீட்டர் போல வரும், பஸ்ஸுக்காக நிற்க வேண்டாம். நீங்கள் நீலாம்பூரில் பஸ் ஏறித் திருப்பூர் போகலாம். இப்போது போவதை விட உங்களுக்கு அலைச்சல் கொஞ்சம் கூடும், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, தேஜஸ் போர் விமானம் கிளம்பும்போது ஜன்னல் அதிரும், ஆனால் அது நிமிடக் கணக்குதான், ராத்திரி முழுக்க இல்லை. என் பையன் சத்தம் கேட்டாலே மாடிக்கு ஓடுவான். தளத்தை ஒட்டி இடம் வாங்குவதாக இருந்தால் கட்டடம் கட்டத் தடையில்லாச் சான்று தேவையா என்று முதலில் விசாரியுங்கள். நொய்யலில் தண்ணீர் வருகிற வருடம் சூலூர்க் குளம் நிறையும், சாயங்காலம் கரையில் நடந்தால் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும், பாப்பாவுக்குப் பிடிக்கும். ஆடிக் காற்றில் மட்டும் மாடியில் எதையும் கட்டாமல் வைக்காதீர்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக இங்கேதான் வருகிறது, எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியே இரண்டு தெரு தாண்டிக் கிடந்தது.

முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். வாங்குவது அப்புறம்.

கார்த்திகைமழை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், கேள்வி கேட்டவன் என்ன செய்தான் என்று சொல்லாமல் போவது சரியில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் மனைவியும் வேண்டுமென்றே ஹோப்ஸில் போய் நின்றோம். ஆறு நாற்பதுக்கு நின்றோம், ஏழு இருபத்தைந்துக்குத்தான் ஏற முடிந்தது, நின்றுகொண்டே போனோம். கருமத்தம்பட்டியில் இறங்கி லே-அவுட் வரை நடந்தோம். சகோதரி சொன்ன தோப்பு மாதிரியே இங்கேயும் ஒரு தோப்பு இருந்தது. போனில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தோம், பேசிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சைட்டுக்கு வடக்கே மூன்று தறிக்கூடம், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெரியவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார், எங்களைப் பார்த்து யார் வேண்டும் என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து, திரும்பிப் போக நால்ரோடு வரை அவர் பேரனை வண்டியில் துணைக்கு அனுப்பினார். ஊர் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் வந்தேன். ஆனாலும் எங்களுக்கு அந்த இடம் ஒத்துவராது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

முத்துக்கவுண்டன்புதூரில் ஊருக்குள் ஒரு பழைய ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. பின்னால் ஒரு செண்ட் போல மண், ஒரு முருங்கை, துணி துவைக்கிற கல். எதிரே மளிகைக் கடை, நாலு வீடு தள்ளி மாரியம்மன் கோவில். அம்மா முதல் நாளே கடைக்கார அம்மாவுக்கு எந்த ஊர், என்ன உறவு என்பது வரைக்கும் விசாரித்துவிட்டார். மனைவி ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் இரண்டு தடவை இரவு ஓட்டிப் பார்த்தாள், முப்பத்தைந்து நிமிடம், வழி முழுக்க வெளிச்சம் இருக்கிறது. எனக்கு இருபது நிமிடம் போல அதிகமாகிறது, பரவாயில்லை. உப்புத் தண்ணீர் தினமும் உண்டு, நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை என்று தெருவில் சொன்னார்கள், அதுதான் இன்னும் கவலை. ஆடி கழியட்டும் என்று அம்மா சொல்கிறார், ஆவணி முதல் வாரத்தில் குடிபோகிறோம்.

சூலூர்க்காரன் எழுதியது:

நல்ல தண்ணீருக்குச் சின்டெக்ஸ் ஒன்று தனியாக வாங்கி வையுங்கள், ஐந்நூறு லிட்டர் போதும், குழாயில் வருகிற நாளைத் தெருவில் யாராவது வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவார்கள். இடையில் தீர்ந்துபோனால் டிராக்டரில் கொண்டுவருகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், எங்கள் வீட்டுக்கும் அவர்தான் ஊற்றுகிறார். நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். குடிவரும் நாளைச் சொல்லுங்கள், நானும் வீட்டில் அம்மாவும் பால் காய்ச்ச வந்துவிடுகிறோம்.